நகர் நலச்சங்கம் நடத்துவது எப்படி: பதிவு முதல் பொறுப்பு ஒப்படைப்பு வரை

தமிழ்நாட்டின் புதிய நகர்களில் சங்கம் பெரும்பாலும் ஒரு பெருமழைக்குப் பிறகுதான் பிறக்கிறது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது வாட்ஸ்அப் குரூப் தொடங்குவார்கள். தண்ணீர் வடிந்ததும் யாராவது ஒருவர், "நமக்குன்னு ஒரு சங்கம் இருந்திருந்தா கமிஷனரையே போய்ப் பார்த்திருக்கலாம் சார்" என்பார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முப்பது பேர் கூடுவார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் என மூன்று பெயர்கள் முன்மொழியப்படும், கைதட்டல் கேட்கும். சில வருடம் கழித்து அதே நகரில் விசாரித்தால், "சங்கமா? பொங்கலுக்குக் கோலப்போட்டி வைக்கிறதோட சரி" என்று பதில் வரும்.

இப்படி ஆவதற்கு ஆட்களின் சோம்பேறித்தனம் காரணமல்ல. சங்கத்தால் எது முடியும், எது முடியாது என்று தொடக்கத்திலேயே தெளிவு இல்லாததுதான் காரணம். அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்ட், மோட்டார், மொட்டைமாடி எல்லாம் எல்லோருக்கும் பொது. அதற்கென்று 2022ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் தனியாக இருக்கிறது. தனி வீடுகள் நிறைந்த நகரின் கதை வேறு. சாலை உள்ளாட்சியுடையது, தெருவிளக்கும் உள்ளாட்சியுடையது, பூங்காவும் தானப் பத்திரம் மூலம் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தால் உள்ளாட்சியுடையதே. சந்தா கட்டாதவரை வெளியேற்றவோ, தெருவில் கார் நிறுத்துபவருக்கு அபராதம் போடவோ சங்கத்துக்கு உரிமை கிடையாது. அதன் கையில் இருப்பவை இரண்டுதான்: எல்லோரும் பார்க்கக்கூடிய கணக்கு, தேதியும் முத்திரையும் உள்ள கடிதம். இந்த இரண்டையும் ஒழுங்காக வைத்திருக்கும் சங்கத்தை அதிகாரிகளும் மதிக்கிறார்கள், அடுத்த வீட்டுக்காரரும் மதிக்கிறார். அடுக்குமாடிகளை விட்டுவிட்டு, தனி வீடுகள் உள்ள நகர்களின் சங்கத்தை மட்டும் இங்கே பார்ப்போம்.

முதல் வேலை: நகரின் காகிதங்களைத் தேடுங்கள்

சங்கத்துக்குப் பெயர் வைக்கும் முன்பே செய்ய வேண்டியது இது. பெரும்பாலோர் செய்வதில்லை.

உங்கள் மனைப்பிரிவுக்கு அனுமதி உண்டா என்று பாருங்கள். சென்னைப் பெருநகரப் பகுதியானால் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), மற்ற இடங்களில் டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி எண் இருக்கும். வீட்டுப் பத்திரத்திலேயே அது பெரும்பாலும் குறிக்கப்பட்டிருக்கும். அனுமதியில்லாத மனைப்பிரிவாக இருந்தால், 2017ஆம் ஆண்டு விதிகளின்படி மனைகள் வரன்முறை செய்யப்பட்டனவா என்று கேளுங்கள். 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்குள் பதிவான மனைகளுக்குத்தான் அந்த வாய்ப்பு தரப்பட்டது.

அடுத்து அங்கீகரிக்கப்பட்ட லேஅவுட் வரைபடத்தின் நகல். புரோமோட்டர் விற்பனைக்காக அச்சடித்துக் கொடுத்த வண்ணத் துண்டுப்பிரசுரம் இதற்கு உதவாது. அனுமதி எண்ணும் அதிகாரியின் கையொப்பமும் உள்ள நகல் வேண்டும். அதில் பூங்கா என்று பச்சையாகக் காட்டியிருக்கும் இடத்தைத் தரையில் போய் அளந்து பாருங்கள். பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதி நிலத்தில் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானமாகப் பதிவுசெய்து கொடுக்க வேண்டும் என்பது விதி. ஓ.எஸ்.ஆர். நிலம் என்று அலுவலகங்களில் சொல்வது இதைத்தான். வரைபடத்தில் பூங்கா, நேரில் போனால் கம்பிவேலி, பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுத்தால் யாரோ ஒருவர் பெயரில் கிரையம்: இது எத்தனையோ நகர்களில் நடந்திருக்கிறது. அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று எடுத்துத் தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய். இருந்தால் சான்றிட்ட நகல் வாங்கிக் கோப்பில் வையுங்கள். இல்லையென்றால் உங்கள் சங்கத்தின் முதல் கடிதம் என்ன என்பது முடிவாகிவிட்டது.

வரைபட நகல் நேராகக் கேட்டுக் கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பிக்கலாம். பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அந்தச் சட்டம் உரிமை தருவது குடிமகனுக்கு. ஆகவே விண்ணப்பத்தைச் சங்கத்தின் பெயரில் போடாமல் ஒரு தனிநபர் பெயரில் போடுங்கள். சங்கத்தின் லெட்டர்பேடில் அனுப்பி, அந்தக் காரணத்துக்காகவே திருப்பி அனுப்பப்பட்டவை உண்டு.

பதிவு

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்கிறோம். குறைந்தது ஏழு பேர் கையொப்பமிட்ட சங்க விவரக் குறிப்பு, துணைவிதிகள் (பைலா), படிவம் 1, அடையாளச் சான்றுகள், அலுவலக முகவரிக்கான சான்று ஆகியவை தேவை. விண்ணப்பத்தைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் ஏற்றலாம். நிர்வாகக் குழுவில், அதாவது செயற்குழுவில், குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். அவர்களின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது, மறுபடி தேர்ந்தெடுக்கப்படத் தடை இல்லை.

அலுவலக முகவரி விஷயத்தில் ஒரு யோசனை. வாடகை வீட்டு முகவரியோ, அடிக்கடி வெளியூர் போகிறவர் வீட்டு முகவரியோ கொடுக்காதீர்கள். அரசுக் கடிதமெல்லாம் அங்கேதான் வரும்.

ஆடிட்டரோ ஆவண எழுத்தரோ மூன்று நாளில் முடித்துத் தருவதாகச் சொல்லி, ஏற்கெனவே அச்சடித்து வைத்த ஒரு பைலாவை நீட்டுவார். அதில் கையெழுத்துப் போடும் முன் நிறுத்துங்கள்.

பைலாவில் நீங்களே உட்கார்ந்து எழுத வேண்டியவை

யார் உறுப்பினர்? வீட்டு உரிமையாளர் மட்டுமா, வாடகைக்கு இருப்பவருமா? நகரில் பாதிப் பேர் வாடகைதாரர்களாக இருந்தால், அவர்களை ஒதுக்கிவிட்டுச் சந்தா மட்டும் கேட்பது நடக்காத காரியம். ஒரு வீட்டுக்கு ஒரு ஓட்டு. உரிமையாளர் அங்கே குடியிருந்தால் அவருக்கு, இல்லையென்றால் அவர் எழுதிக் கொடுக்கும் குடியிருப்போருக்கு என்று வைத்தால் குழப்பம் குறையும். காலி மனை வைத்திருப்பவர் சந்தா கட்ட வேண்டுமா, பாதியா முழுசா என்பதையும் இங்கேயே எழுதிவிடுங்கள். காலி மனைக்காரர்கள் வெளியூரில் இருப்பார்கள். அவர்கள் மனையில்தான் புதர் மண்டும், குப்பை சேரும், பாம்பு வரும்.

குறைவெண், அதாவது கூட்டம் செல்ல எத்தனை பேர் வேண்டும் என்பது, மூன்றில் ஒரு பங்கு என்று ஆசையாக எழுதிவைத்தால் ஒரு பொதுக்குழுவும் நடக்காது. ஐந்தில் ஒரு பங்கு போதும். அது வராவிட்டால் அரை மணி நேரம் கழித்து வந்தவர்களை வைத்து நடத்தலாம், ஆனால் துணைவிதித் திருத்தம் மட்டும் அப்படி நடக்கக் கூடாது என்று ஒரு வரி சேருங்கள். துணைவிதியை மாற்ற 21 நாள் முன்னறிவிப்புடன் கூட்டிய பொதுக்குழுவில், வாக்களிக்க உரிமையுள்ளவர்களில் வந்திருப்போரின் நான்கில் மூன்று பங்கு ஆதரவுள்ள சிறப்புத் தீர்மானம் வேண்டும். அந்த வேலையை அடிக்கடி செய்ய முடியாது என்பதால்தான் முதலிலேயே யோசித்து எழுதச் சொல்கிறேன்.

செயலாளர் தன் பொறுப்பில் எவ்வளவு வரை செலவு செய்யலாம், செயற்குழு எவ்வளவு வரை, அதற்கு மேல் பொதுக்குழு என்று மூன்று அடுக்காக ரூபாய் வரம்பு போடுங்கள். சங்கச் சண்டைகளில் பாதி இந்த ஒரு வரி இல்லாததால் வருவது.

கட்சி, சாதி, மதம் சார்ந்த நிகழ்ச்சிகளுக்குச் சங்க நிதியைத் தொடக் கூடாது என்றும் எழுதுங்கள். பிள்ளையார் கோயில் கட்டுவதாக இருந்தால் அதற்குத் தனி வசூல், தனிக் கணக்கு, தனிக் குழு. கோயில் பணமும் சாக்கடைப் பணமும் ஒரே பையில் கலந்த நகர்களில் கடைசியில் இரண்டுமே நின்றுபோகும்.

ஆட்கள்

தலைவருக்குப் பேச்சுத்திறனும் ஊர் அறிமுகமும் இருந்தால் போதும். செயலாளருக்குப் பகல் நேரம் வேண்டும், ஏனென்றால் அலுவலகங்கள் பகலில்தான் திறந்திருக்கும். ஓய்வுபெற்ற அரசு ஊழியர் யாராவது நகரில் இருந்தால் விடாதீர்கள். எந்த மேசையில் கோப்பு உறங்குகிறது என்று மூக்கால் அறிகிறவர்கள் அவர்கள். பொருளாளர் மட்டும் தலைவருக்கோ செயலாளருக்கோ உறவினராகவோ தொழில் கூட்டாளியாகவோ இருக்கக் கூடாது. சந்தேகம் நியாயமா இல்லையா என்பது வேறு, அது எழுவதற்கே இடம் வைக்கக் கூடாது.

தெருவுக்கு ஒரு பிரதிநிதி வையுங்கள். அவர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்கட்டும். தண்ணீர் எத்தனை மணிக்கு வந்தது, குப்பை வண்டி எத்தனை நாளாக வரவில்லை, எந்த விளக்கு எரியவில்லை என்ற விவரம் துல்லியமாக இருப்பது அவர்களிடம்தான். மேடையில் பேசுவதோ அவர்கள் வீட்டுக்காரர்கள்.

பணம்

சந்தாவை எவ்வளவு என்று நிர்ணயிக்கும்போது மேலிருந்து கீழே வராதீர்கள். முதலில் ஓராண்டுச் செலவைத் தெரு வாரியாக எழுதுங்கள், பிறகு வீடுகளால் வகுங்கள். உதாரணத்துக்கு 120 வீடு, மாதம் 200 ரூபாய் என்றால் தாளில் 24,000 வரும். கையில் 24,000 வராது. பத்தில் எட்டு வீடு கட்டினால் அது நல்ல நகர். ஆக 19,200 என்று வைத்துத்தான் திட்டம் போட வேண்டும். அதில் இரவு வாட்ச்மேன் ஒருவரைப் போட்டால் மீதி கொஞ்சம்தான் நிற்கும். வாட்ச்மேனும் வேண்டும், கேமராவும் வேண்டும், பூங்காவுக்குத் தோட்டக்காரரும் வேண்டும், சந்தா மட்டும் 200 என்றால் கணக்கு உதைக்கும். இதைப் பொதுக்குழுவில் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். எது வேண்டாம் என்று அவர்களே சொல்லட்டும்.

வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். பதிவுச் சான்று, துணைவிதி, சங்கத்தின் பான் கார்டு, கணக்குத் தொடங்கும் தீர்மான நகல் ஆகியவற்றைக் கேட்பார்கள். மூவரில் இருவர் கையெழுத்து, அதில் பொருளாளர் கட்டாயம் என்பது நல்ல ஏற்பாடு. பொருளாளரின் சொந்த ஜிபே எண்ணுக்குச் சந்தா அனுப்பும் பழக்கத்தை முதல் மாதமே நிறுத்துங்கள். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், ஒரு வருடம் கழித்து அவர் பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் உங்கள் சாக்கடை அடைப்புச் செலவும் ஒரே ஸ்டேட்மென்டில் நிற்கும். யாராலும் பிரிக்க முடியாது. சங்கக் கணக்குக்கே கியூஆர் அட்டை வாங்கித் தெரு பிரதிநிதிகளிடம் கொடுங்கள்.

ரொக்கம் தருபவர்களுக்கு வரிசை எண் அச்சிட்ட, அடிக்கட்டையோடு கூடிய ரசீதுப் புத்தகம். எத்தனை புத்தகம் அச்சடித்தோம், எது யாரிடம் இருக்கிறது என்ற பட்டியல் செயலாளரிடம் இருக்கட்டும். ஒவ்வொரு செலவுக்கும் வவுச்சர், பில், பணம் வாங்கியவர் கையெழுத்து. மண்வெட்டிக்காரருக்குக் கொடுத்த நானூறுக்குப் பில் கிடைக்காது. அங்கே வவுச்சரில் அவர் கையெழுத்தும், நேரில் பார்த்த ஒருவர் கையெழுத்தும் போதும்.

மாதக் கணக்கு ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும்: போன மாத இருப்பு, வரவு, செலவு ஒவ்வொன்றும் தனி வரியாக, இந்த மாத இருப்பு, வங்கியில் எவ்வளவு, கையில் எவ்வளவு. இதை அடுத்த மாதம் ஐந்தாம் தேதிக்குள் பூங்கா வாசல் பலகையிலும் குரூப்பிலும் போடுங்கள். சந்தா பாக்கி வைத்தவர்கள் பெயரை மட்டும் பலகையில் போட வேண்டாம். "கட்டிய வீடுகள்" என்று கதவு எண் பட்டியல் போட்டால் போதும்; இல்லாத எண் எது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும், யாரும் சண்டைக்கு வர முடியாது.

வரி பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். உறுப்பினருக்கு மாதம் 7,500 ரூபாய்க்கு மேல் வசூலித்து, ஆண்டு வரவு 20 லட்சத்தையும் தாண்டும் சங்கங்களுக்குத்தான் ஜி.எஸ்.டி. கவலை. நகர் சங்கம் அந்தப் பக்கமே போகாது. ஆனால் ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்து, பொதுக்குழுவில் வைத்து, உறுப்பினர் பட்டியலோடு மாவட்டப் பதிவாளரிடம் ஒவ்வொரு வருடமும் தாக்கல் செய்ய வேண்டும். நிர்வாகிகள் மாறினாலும் படிவம் 7இல் தெரிவிக்க வேண்டும். பதிவு செய்த முதல் வருடத்தோடு இதை மறந்துவிட்ட சங்கங்கள் ஏராளம். அவற்றைச் செயல்படாத சங்கம் என்று பதிவேட்டிலிருந்து நீக்கும் அதிகாரம் பதிவாளருக்கு உண்டு. மீட்க வேண்டுமென்றால் விட்டுப்போன வருடங்களுக்கெல்லாம் சேர்த்து அலைய வேண்டும். பூங்கா வழக்கு என்று நீதிமன்றம் போகும் நாளில்தான் எதிர்த்தரப்பு வக்கீல் இதைக் கண்டுபிடித்துக் கொடுப்பார்.

கூட்டமும் மினிட் நோட்டும்

செயற்குழு மாதம் ஒருமுறை, ஒரு மணி நேரம். பொதுக்குழு வருடத்துக்கு ஒன்று கட்டாயம், இரண்டு நடந்தால் நல்லது. கூட்டத்துக்கு முன்பே பேசப்போகும் பொருள்களை எழுதி அனுப்புங்கள், ஐந்துக்கு மேல் வேண்டாம். பார்க்கிங்கைக் கடைசியில் வையுங்கள். முதலில் வைத்தால் மற்ற நான்கும் பேசப்படாது.

மினிட் நோட்டில் யார் என்ன பேசினார் என்பதை எழுத வேண்டாம். என்ன முடிவு, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள், எவ்வளவு செலவு என்பதுதான் வேண்டும். இப்படி:

"தீர்மானம் 3: இரண்டாவது குறுக்குத்தெரு மழைநீர் வடிகாலில் மண் அடைத்திருப்பது பற்றி மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் மனு கொடுப்பது. பொறுப்பு: செயலாளர், 2ஆம் தெரு பிரதிநிதி. வரும் 12ஆம் தேதிக்குள். மனு நகலும் வடிகாலின் புகைப்படமும் அடுத்த கூட்டத்தில் வைக்கப்பட வேண்டும். செலவு: ஆட்டோ, ஜெராக்ஸ் 300 ரூபாய் வரை. ஏகமனதாக நிறைவேறியது."

பக்க எண் போட்ட கெட்டி அட்டை நோட்டில், கூட்டம் முடிந்த இடத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வீட்டுக்குப் போய் டைப் செய்து அனுப்புகிறேன் என்றால் அது வராது.

அலுவலகங்களில் வேலை வாங்குவது

இதில் தேறினால் சங்கம் தேறியது. முதலில் எந்தப் புகார் எங்கே போக வேண்டும் என்று தெரிய வேண்டும். தெருவிளக்கு எரியவில்லை என்று மின்வாரியத்துக்குப் போன் போடுவார்கள். விளக்கு உள்ளாட்சியின் பொறுப்பு, கம்பியும் மின்வெட்டும்தான் வாரியத்தின் பொறுப்பு. மின்தடைக்கு மின்னகம் 94987 94987. சென்னை மாநகராட்சிக்கு 1913. எங்கும் நகராத விஷயத்துக்கு முதல்வரின் உதவி மையம் 1100. எந்த எண்ணில் சொன்னாலும் புகார் எண்ணை வாங்கி நோட்டில் குறியுங்கள். "நாலாவது தெருவில் லைட் எரியல" என்பதைவிட, கம்பத்தில் பெயின்ட்டில் எழுதியிருக்கும் எண்ணைச் சொன்னால் லைன்மேன் தேடி அலையாமல் நேரே வந்துவிடுவார். எல்லாத் தெருவின் கம்ப எண்ணையும் ஒருநாள் நடந்துபோய் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

போன் புகார் சின்னதுக்கு. பெரியதற்குக் கடிதம். ஒரு கடிதம், ஒரு கோரிக்கை. சாலை, வடிகால், நாய், கொசு எல்லாவற்றையும் ஒரே மனுவில் எழுதினால் அது நாலு துறைக்கும் போகாமல் ஒரு மேசையிலேயே தங்கிவிடும். நடுப்பகுதி இந்த அளவு இருந்தால் போதும்:

"பொருள்: மூன்றாவது பிரதான சாலை, கதவு எண் 14 முதல் 31 வரை, மழைநீர் வடிகால் மூடிகள் உடைந்தது குறித்து. மேற்படி 18 வீடுகளின் முன் ஏழு மூடிகள் உடைந்துள்ளன. அவற்றின் இடம் குறித்த வரைபடமும் புகைப்படங்களும் இணைக்கப்பட்டுள்ளன. பள்ளிப் பிள்ளைகள் நடக்கும் பாதை என்பதால் வடகிழக்குப் பருவமழைக்கு முன் மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். பார்வை: எங்கள் முந்தைய கடிதம், நாள்..."

இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றை தபால் பிரிவில் கொடுத்து, மற்றொன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அதற்கு மறுத்தால் அங்கேயே சண்டை போடாமல் அஞ்சலகம் போய் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். முப்பது நாள் கழித்து நினைவூட்டல், அதில் முதல் கடிதத்தின் தேதி. அதற்கும் அசைவில்லையென்றால், "மேற்படி மனுவின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன, கோப்பு இப்போது யாரிடம் உள்ளது" என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி. பல வேலைகள் அந்தக் கேள்விக்குப் பதில் எழுத வேண்டிய கட்டத்தில்தான் நடக்கின்றன.

கவுன்சிலரிடமும் நகலைக் கொடுங்கள், வேலை நடந்தால் நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதுங்கள். எதிரணிக் கட்சிக்காரர் என்பதற்காக ஒதுங்கிக்கொள்ளும் நிர்வாகி சங்கத்துக்குப் பாரம். நகர்ப்புறத்தில் வார்டு கமிட்டி, ஏரியா சபை அமைக்க 2022இல் விதிகள் வந்துவிட்டன. ஏரியா சபை கூடும்போது இரண்டு பேர் போய் உட்கார்ந்து கோரிக்கையைப் பதிவு செய்யுங்கள். உங்கள் நகர் ஊராட்சி எல்லைக்குள் இருந்தால் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. புறநகரில் வீடு கட்டி வந்தவர்கள் "அதெல்லாம் ஊர்க்காரங்களுக்கு" என்று போகாமல் இருந்துவிட்டு, தீர்மானம் போட்ட பிறகு குறைசொல்வார்கள்.

பணம் சேர்க்க முடிந்த நகர் என்றால் நமக்கு நாமே திட்டத்தையும் பாருங்கள். பெரும்பாலான வேலைகளுக்கு, மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்தினால் மீதியை அரசு ஏற்கும். பூங்காச் சுற்றுச்சுவர், நடைபாதை போன்றவற்றுக்கு இது பொருந்தி வரும்.

சாலை போட வரும்போது

சங்கம் கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு இருக்க வேண்டிய தருணம் இது. பழைய தார் மேலேயே புதுத் தார் போட்டால் ஒவ்வொரு முறையும் சாலை சில அங்குலம் உயரும், உங்கள் வாசல் தாழும், அடுத்த மழையில் தண்ணீர் வீட்டுக்குள் வரும். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் அதே மட்டத்தில் புதிய சாலை போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தினார். மில்லிங் என்பது அதன் பெயர். வேலை ஆரம்பிக்கும் நாளில் மில்லிங் இயந்திரம் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வராவிட்டால் உதவிப் பொறியாளரைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத்தான் மறுவேலை. முதல் வீட்டின் வாசற்படியில் ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டு முன்னும் பின்னும் படம் எடுத்து வைத்தால் வாதத்துக்கு இடமிருக்காது.

அதற்கும் முன்பே, குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, மின்கேபிள் எதுவும் பாக்கியிருக்கிறதா என்று மூன்று துறையிலும் கேளுங்கள். புதுச் சாலையை மறுவாரமே தோண்டுவதைத் தடுக்க வேறு வழியில்லை.

வடிகால் தூர்வாரும் மனு ஜூலைக்குள் போய்விட வேண்டும், ஏனென்றால் அக்டோபரில் எல்லா நகரும் ஒரே நேரத்தில் கேட்கும். வீட்டுக் கழிவுநீரை மழைநீர் வடிகாலில் விட்டிருக்கும் வீடுகள் எவை என்று உங்களுக்கே தெரியும். அவர்களிடம் முதலில் சங்கம் பேசட்டும்.

வாட்ச்மேன், கேமரா

ஏஜென்சி மூலம் வாட்ச்மேன் வைத்தால், அவர்களிடம் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படியான தனியார் பாதுகாப்பு நிறுவன உரிமம் இருக்கிறதா என்று கேட்டு நகல் வாங்குங்கள். உட்கார நாற்காலி, குடிநீர், கழிப்பறை இல்லாமல் பன்னிரண்டு மணி நேரம் ஒருவரை நிறுத்திவைத்துவிட்டு, தூங்குகிறார் என்று குரூப்பில் படம் போடுவது அநியாயம். நகரின் நுழைவாயிலில் கேட் வைத்துப் பூட்டுவதும் முடியாது. தானமாகக் கொடுத்த சாலை பொதுச் சாலை, யாரும் போகலாம்.

கேமரா பொருத்துவது எளிது, பராமரிப்புதான் செலவு. ஹார்ட் டிஸ்க் யார் வீட்டில் இருக்கிறது, பதிவைப் பார்க்க யாருக்கு அனுமதி என்று தீர்மானம் போடுங்கள். காவல்துறை கேட்டால் கொடுங்கள். எதிர்வீட்டுப் பெண் இரவு எத்தனை மணிக்கு வந்தாள் என்று பார்க்க விரும்புகிறவருக்குக் கொடுக்காதீர்கள்.

நாய், பார்க்கிங், வாட்ஸ்அப்

நாய்களைப் பிடித்து வேறு எங்காவது விட்டுவிடலாம் என்று தீர்மானம் போட்டால் அது செல்லாது. 2023ஆம் ஆண்டின் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி கருத்தடையும் தடுப்பூசியும் செய்த நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் கண்டதும் மூர்க்கமானதும் இதில் சேராது என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் வாசல்களுக்கும் தள்ளி, உணவு வைக்க ஓரிடத்தையும் நேரத்தையும் ஒதுக்குவது சங்கத்தின் பொறுப்பிலேயே வருகிறது. சோறு வைப்பவரையும் கடிபட்டவரையும் ஒரே கூட்டத்தில் எதிரெதிரே உட்காரவைக்காதீர்கள். தனித்தனியாகப் பேசி, எத்தனை நாய்க்குக் கருத்தடை பாக்கி என்ற பட்டியலோடு உள்ளாட்சிக்கு எழுதுங்கள்.

தன் வீட்டு முன் சாலையில் கல்லையும் பூந்தொட்டியையும் வைத்து இடம்பிடிப்பவருக்குச் சட்டத்தில் இடமில்லை, அதை எடுக்க உங்களுக்கும் அதிகாரமில்லை. தெரு பிரதிநிதி ஒருமுறை நேரில் சொல்லலாம், பிறகு எழுத்தில் சொல்லலாம், ஆம்புலன்ஸ் போக வழியில்லை என்ற நிலை வந்தால் போக்குவரத்துக் காவலுக்கு மனு கொடுக்கலாம்.

வாட்ஸ்அப்பில் இரண்டு குரூப் வையுங்கள். ஒன்றில் நிர்வாகிகள் மட்டும் பதிவிடலாம்: கணக்கு, அறிவிப்பு, தண்ணீர் நேரம். இன்னொன்றில் யாரும் என்னவும் பேசட்டும், காலை வணக்கம் உட்பட. முடிவுகள் எதையும் குரூப்பில் எடுக்காதீர்கள். கட்டைவிரல் காட்டியவர்கள் நாளை, "நான் படிச்சேன்னுதான் போட்டேன்" என்பார்கள்.

பொறுப்பை ஒப்படைத்தல்

மூன்று வருடம் முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே தேர்தல் தேதியை அறிவியுங்கள். போட்டியிடாத இரண்டு பேரைத் தேர்தல் நடத்தப் போடுங்கள், வாக்காளர் பட்டியலை பதினைந்து நாள் முன் பலகையில் ஒட்டுங்கள். போட்டி வந்தால் கவலைப்படாதீர்கள், ஆளே கிடைக்காத சங்கத்தைவிட அது ஆரோக்கியம்.

ஒப்படைக்கும் பட்டியல்: பதிவுச் சான்று அசல், துணைவிதி, மினிட் நோட்டுகள், உறுப்பினர் பதிவேடு, தணிக்கை அறிக்கைகள், பதிவாளரிடம் தாக்கல் செய்த ஒப்புகைகள், பயன்படுத்திய ரசீதுகளின் அடிக்கட்டைகள், பயன்படுத்தாத ரசீதுப் புத்தகங்கள், காசோலைப் புத்தகம், லேஅவுட் நகல், தானப் பத்திர நகல், நடப்பில் உள்ள மனுக்களின் கோப்பு, கேமராவின் கடவுச்சொல், இணையதளங்களின் பயனர் பெயர், சங்கத்தின் பெயரில் உள்ள சிம் கார்டு, முத்திரை, பூங்கா சாவி. பழையவரும் புதியவரும் ஒவ்வொரு வரிக்கும் எதிரில் கையெழுத்திட்டு, அந்தத் தாளை மினிட் நோட்டில் ஒட்ட வேண்டும். வங்கியில் கையெழுத்து மாற்றும் தீர்மானத்தை அதே கூட்டத்தில் போடுங்கள், படிவம் 7ஐ உடனே அனுப்புங்கள்.

பழைய நிர்வாகி எதையும் தர மறுத்தால், செயற்குழு தீர்மானத்தோடு ஸ்பீட் போஸ்டில் முதலில் கேளுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் 36ஆம் பிரிவு இருக்கிறது. நிர்வாகக் குழுவில் பெரும்பான்மையோரோ, உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினரோ எழுதிக் கேட்டால் பதிவாளர் சங்கத்தின் செயல்பாட்டையும் நிதிநிலையையும் விசாரிக்கலாம். மனுவோடு உறுப்பினர் பதிவேட்டின் நகலை இணைக்க வேண்டியிருக்கும், இல்லையென்றால் மூன்றில் ஒரு பங்கு எது என்பதையே நிரூபிக்க முடியாது. பதிவேடு அவரிடமே மாட்டிக்கொண்டிருந்தால், ஆண்டுதோறும் தாக்கல் செய்த உறுப்பினர் பட்டியலின் சான்றிட்ட நகலைப் பதிவாளர் அலுவலகத்திலேயே கேட்டு வாங்கலாம்.